1998-இன் ரயிலில் எந்தப் பெட்டி ஓடலாம்?

கேள்வி: எச்ஓ அளவில் (1:87) மாடல் ரயில் அமைக்கிறேன். காலம் 1998, தெற்கு ரயில்வே. ஆறு நீல ஸ்லீப்பர் பெட்டிகள், ஒரு எல்எச்பி ஏசி பெட்டி, நிலக்கரி ஏற்றும் பத்து பாக்ஸ்என் வேகன்கள் வாங்கியிருக்கிறேன். நிஜத்தோடு இவை ஒத்துப்போகின்றனவா? 16.5 மி.மீ. தண்டவாளத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: ஆண்டை முடிவு செய்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. எல்எச்பி பெட்டியை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். ஜெர்மனியிலிருந்து அந்த ரகம் இங்கே வந்ததே 2000-ஐ ஒட்டித்தான். காலத்தை 2005-க்குத் தள்ளினாலும் உங்கள் நீலப் பெட்டிகளோடு அதைக் கோக்க முடியாது. உங்கள் நீலப் பெட்டிகள் பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலை ரகம். அன்றைய ஐசிஎஃப் பெட்டிக்குத் திருகு கப்ளிங் (திருகி இறுக்கும் இணைப்பு), இரு பக்கமும் பஃபர் (மோதல் தாங்கி). எல்எச்பிக்கு நடுவே ஒரே கப்ளர், பஃபர் கிடையாது.

நீலப் பெட்டிகளில் நிறத்தைவிட எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். லென்ஸ் வைத்துப் பாருங்கள். 94203 என்றிருந்தால் 1994-இல் கட்டியது. 203 என்பது ஸ்லீப்பருக்கான 201–400 வரிசையில் வருகிறது. 051–100 ஏசி டூ டயர், 101–150 ஏசி த்ரீ டயர், 401–600 பொதுப் பெட்டி. 05 என்று தொடங்கினால் உங்கள் ரயில் ஓடும்போது அந்தப் பெட்டி இன்னும் பிறக்கவே இல்லை! ஆறு பெட்டிக்கும் ஒரே எண் அச்சாகியிருப்பதும் உண்டு. டெகால் (எண் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டி மாற்றிவிடலாம். மண்டலப் பெயரையும் பாருங்கள். தென்மேற்கு ரயில்வே 2003-இல்தான் இயங்கத் தொடங்கியது. தரைக்கு அடியில் பயோ டாய்லெட் தொட்டி தெரிந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

பழைய மெரூன் நிறப் பெட்டி ஒன்றை இடையில் சேர்க்க ஆசை வரும். வேக்குவம் பிரேக்கிலிருந்து ஏர் பிரேக்குக்கு மாறியபோது வந்தது அந்த நீலம். இரண்டையும் ஒரே ரயிலில் கலக்கும் முன் அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

நீளத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். ஐசிஎஃப் பெட்டியின் உடல் 21.3 மீட்டர், எச்ஓவில் சுமார் 245 மி.மீ. வரவேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வளைவு இறுக்கமாக இருந்தால் குட்டைப் பெட்டி வாங்குவதில் தப்பில்லை, ஆனால் முழு நீளத்தோடு கலந்தால் கண்ணை உறுத்தும்.

பாக்ஸ்என் கவலையே வேண்டாம், 1998-க்குப் பொருந்தும். கப்ளரோடு சேர்த்து 123 மி.மீ. வந்தால் சரி. வேகன்கள் நாடு முழுக்கச் சுற்றுவதால் பத்திலும் வெவ்வேறு மண்டல எழுத்துகள் இருப்பதுதான் அழகு. உள்ளே கரித்தூள் பூசுங்கள், கடைசியில் கார்டு வேனைக் கோக்க மறக்காதீர்கள். பளபளவென்று புதிதாக நிற்கும் நிலக்கரி வேகனை யாரும் பார்த்ததில்லை.

தண்டவாளம்? நம் அகலப் பாதை 1676 மி.மீ.; அளவுப்படி சுமார் 19.3 மி.மீ. வேண்டும். 16.5 குறுகல்தான். ஆனால் மாற்றினால் பாயின்ட் (தடம் பிரியும் இடம்), சக்கரம், இன்ஜின் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். நான் மாற்றச் சொல்ல மாட்டேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. அதில் மிச்சமாகும் நேரத்தில் கடைசிப் பெட்டியின் பின்முகத்துக்குத் திருகு கப்ளிங்கும் பஃபரும் பொருத்துங்கள். பெட்டிகளுக்கு நடுவே மாடல் ரயிலுக்கான கேடி கப்ளரே இருக்கட்டும்.