ஆச்சியிடம் கேளுங்கள்: கதிர் ஒடித்து எத்தனை நேரம் ஆச்சு?

போன இதழில் எங்கள் தோட்டத்து ஸ்வீட் கார்னைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். பாவூர்சத்திரத்துக்கு மேற்கே என் தம்பியும் நானும் சேர்ந்து 20 சென்ட் நிலத்தில் ஊன்றுகிறோம், அவ்வளவுதான். பெரிய வெள்ளாமை இல்லை. ஆனால் ஆறு வருடமாக ஒவ்வொரு கதிரையும் கையால் தொட்டுப் பார்த்தவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடையில் பிளாஸ்டிக் தாள் சுற்றி வைத்திருக்கும் ஸ்வீட் கார்னை வாங்கி, குக்கரில் நாலு விசில் விட்டு அவிக்கிறேன். இனிப்பே இல்லை. தண்ணீரில் சர்க்கரை சேர்க்க வேண்டுமா ஆச்சி?
(வாசகி, பாளையங்கோட்டை)

சர்க்கரையெல்லாம் வேண்டாம் தாயி. அந்தக் கதிரை எப்போது ஒடித்தார்கள் என்பதுதான் கேள்வி.

சோள முத்து என்பது விதை. செடியிலிருந்து ஒடித்த பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையை மாவாக மாற்றிச் சேர்த்து வைப்பது அதன் இயல்பு. பழைய இனிப்புச் சோள ரகங்களில் நம் ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் சர்க்கரையில் பாதிக்கு மேல் போய்விடும். இப்போது விற்கும் ரகங்கள் பெரும்பாலும் மாவாக மாற்றும் வேலையில் மந்தமானவை. அதனால்தான் அவற்றின் காய்ந்த விதை சுருங்கிச் சுருங்கி, சோடை போனதுபோல் இருக்கும். அவை கொஞ்சம் நாள் தாங்கும். ஆனால் தோலை உரித்து, தாள் சுற்றி, நாலு நாள் கடையில் கிடந்தால் எந்த ரகமும் தாங்காது.

போன தையில் ஒரே வரிசையில் மூன்று கதிர் ஒடித்தேன். ஒன்றை அப்போதே அவித்தேன். ஒன்றைத் தோலோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்னொன்றைத் தோலுரித்துத் தார்சாவில் (தாழ்வாரத்தில்) இரண்டு நாள் போட்டுவைத்தேன். மூன்றாம் நாள், மீதி இரண்டையும் அவித்து, எது எதென்று சொல்லாமல் பேரனிடம் கொடுத்தேன். ஃபிரிட்ஜில் இருந்ததை முழுசாகத் தின்றான். தார்சாவில் கிடந்ததை இரண்டு கடி கடித்துவிட்டு, "இது மாட்டுச் சோளம் ஆச்சி" என்று திருப்பித் தந்துவிட்டான். ஆறு வயதுப் பிள்ளைக்கே வித்தியாசம் தெரிகிறது.

உங்களுக்கு மகாராஜநகர் உழவர் சந்தை பக்கம்தானே? சீசனில் காலையில் போய்ப் பாருங்கள். பச்சைத் தோலோடு இருப்பதை மட்டும் வாங்குங்கள். காம்பு ஒடித்த இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தால் இன்றைய கதிர். பழுப்பேறிக் காய்ந்திருந்தால் பழசு. நுனியில் தொங்கும் நூல் கறுத்து வாடியிருக்க வேண்டும், ஆனால் தோல் பச்சையாகவே இருக்க வேண்டும். அப்புறம், தோலுக்கு மேலேயே நுனி வரை விரலால் தடவிப் பாருங்கள். நுனி கூம்பிப்போய் இருந்தால் பிஞ்சு. பருத்து மழுங்கி இருந்தால் முத்து நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு கதிராகத் தோலைக் கிழித்து நகத்தால் குத்திப் பார்க்காதீர்கள். நீங்கள் வைத்துவிட்டுப் போகும் கதிர் அன்று மாலைக்குள் கெட்டுப்போகும், விற்கிறவர்களுக்கு அது நஷ்டம். வீட்டுக்கு வந்து குத்திப் பாருங்கள். பால் தெறித்தால் சரியான பருவம். தெளிந்த தண்ணீர் வந்தால் இளசு, மாவாக வந்தால் முற்றல்.

நாலு விசில் கொண்டைக்கடலைக்கு. அன்று ஒடித்த கதிருக்கு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போதும். குக்கர்தான் வேண்டுமென்றால் ஒரே விசில்.

வீட்டுப் பின்னால் ஒரே வரிசையாகப் பதினைந்து செடி வைத்தேன். ஆள் உயரம் வளர்ந்தது. கதிரை உரித்தால் பல் விழுந்த வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக முத்து. உரம் போதவில்லையா?
(வாசகர், சுரண்டை)

உரத்தில் குறை இல்லை. வரிசையில்தான் குறை. முதல் வருடம் நானும் வரப்பு ஓரமாக ஒற்றை வரிசை ஊன்றி, உங்களைப் போலவே ஏமாந்தேன்.

கதிர் நுனியில் தொங்குகிறதே, அந்த நூல் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு முத்துக்குச் சொந்தம். செடியின் உச்சிப் பூவிலிருந்து உதிரும் மகரந்தம் அந்த நூலில் விழுந்தால்தான் அந்த முத்து திரளும். எந்த நூலில் விழவில்லையோ அந்த இடம் பொக்கைதான். இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காற்று. ஒற்றை வரிசை என்றால் காற்று அத்தனையையும் பக்கத்து வீட்டு மாடியில் கொட்டிவிடும். அதே பதினைந்து செடியை நாலு வரிசையாகப் பிரித்துச் சதுரமாக ஊன்றுங்கள். நூல் வந்த வாரத்தில் காலையில் செடியை மெல்ல உலுக்கிவிடுங்கள். நான் உச்சிப் பூவை ஒடித்து நூல் மேல் தட்டியும் விட்டிருக்கிறேன், நல்ல பலன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் சுற்றுவட்டாரத்தில் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் போடுகிறவர்கள் இருப்பார்கள். அந்த மகரந்தம் உங்கள் கதிரில் விழுந்தால், அடுத்த தலைமுறை வரை காத்திருக்காது, அந்தக் கதிரிலேயே அந்த முத்துகள் மாவாகிவிடும். இரண்டாம் வருடம் தம்பி அடுத்த வயலில் தீவனச் சோளம் போட்டிருந்தான். இரண்டும் ஒரே சமயத்தில் பூத்துவிட்டன. கதிர் பார்க்க அவ்வளவு அழகு, வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது இரண்டுக்கும் இருபது நாளாவது முன்பின் வைத்துத்தான் ஊன்றுகிறோம்.

கதிர் நுனியில் புழு இருந்தது. முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டேன். சரிதானே?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

இனிமேல் போடாதீர்கள். நுனியை இரண்டு விரற்கடை நறுக்கிவிட்டு மீதியைக் கழுவி அவியுங்கள். 2018-இல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளக்காரர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. நறுக்கின நுனியும் தோலும் மாட்டுக்கு. ஸ்வீட் கார்னைப் பச்சையாகவே ஒடிப்பதால் தட்டையும் பச்சையாக நிற்கும், மாடு ஆசையாகத் தின்னும்.

ஸ்வீட் கார்ன் மரபணு மாற்றிய பயிர் என்கிறார்களே? சர்க்கரை நோயாளிகள் தின்னலாமா?
(வாசகர், கடையம்)

நம் ஊரில் விளைவது மரபணு மாற்றியது அல்ல. மக்காச்சோளத்தில் இயற்கையாக வந்த ஒரு மாற்றத்தை மனிதர்கள் பொறுக்கி வளர்த்தது. நம் நாட்டில் விவசாயி கைக்கு வந்திருக்கும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான், 2002 முதல். சர்க்கரை உள்ளவர்கள் இதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது, சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கதிர் தின்றால் அந்த வேளைச் சோற்றைக் குறையுங்கள். அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குற்றாலத்தில் சுட்டுத் தரும் கதிரின் ருசி வீட்டில் வரவில்லை. சொதியிலும் போட்டுப் பார்க்கலாமா?
(வாசகி, மும்பை)

சாரல் விழும்போது கரி நெருப்பில் சுட்டு, எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டுத் தேய்த்துத் தருவார்களே, அதற்குச் சாதாரண மக்காச்சோளம்தான் சரி, பால் பிடித்த பருவத்தில். மெல்ல மெல்ல மணக்கும். ஸ்வீட் கார்னை அப்படி நேரே தணலில் காட்டினால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். தோலோடு கால் மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்படியே தோலோடு சுடுங்கள். உள்ளே ஆவியிலேயே வெந்துவிடும்.

கல்யாணத்து மறுவீட்டுச் சொதியில் கை வைக்காதீர்கள். தேங்காய்ப்பால் இனிப்பு, சோளமும் இனிப்பு, இஞ்சிப் பச்சடி எவ்வளவு வைத்தாலும் ஈடுகட்டாது. முற்றிப்போன கதிர் இருந்தால் முத்தைச் சீவி, இஞ்சி, பச்சைமிளகாய், சோம்போடு கரகரப்பாக அரைத்து, பிடிக்கிற அளவுக்குப் பச்சரிசி மாவு தூவி, வெங்காயம் நறுக்கிப் போட்டு வடை தட்டுங்கள். அதற்கு முற்றல்தான் நல்லது.

மாசிக் கடைசியில் ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி மழைக்கு ஊன்றினது தையிலேயே முடிந்துவிடும் அம்மா. கிணற்றில் தண்ணீர் இருந்தால் சித்திரையில் மறுபடி ஊன்றுவோம், எழுபது எழுபத்தைந்து நாளில் கதிர். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆனிக் கடைசியில் வாருங்கள். காலையில் ஏழு மணிக்குள் பாவூர்சத்திரம் சந்தைக்கு வந்தால், அன்று விடியலில் ஒடித்த கதிரே கிடைக்கும்.