டிஏ மிஷின் வாங்கியாச்சு, கார் ஏன் இன்னும் பளபளக்கல?

கார் பாலிஷ் பத்தி கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம், புளியரைல ஆரம்பிச்சு கொழிஞ்சாம்பாறை வரைக்கும் மலைக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து குவிஞ்சிருச்சு. செங்கோட்டைல டீடெய்லிங் ஷெட் வச்சிருக்குற அண்ணாச்சி பதில் சொல்றாரு.

கேள்வி (புளியரை வாசகர்): அண்ணாச்சி, ஆசையா ஒரு டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், அதான் டிஏ மிஷின், வாங்கினேன். கார் கருப்பு கலர். வீடியோல ஒரே இழுப்புல பெயிண்ட் கண்ணாடி ஆகுது, நான் பானட்ட மட்டும் ஒரு மதியம் பூரா தேய்ச்சும் வெயில்ல நிறுத்திப் பாத்தா சுழல் கோடு அப்படியே நிக்குது. மிஷின் டம்மியா?

பதில்: மிஷினைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க தம்பி. பேடு ஒட்டுற தட்டு இருக்குல்ல, பேக்கிங் பிளேட், அதோட ஓரத்துல மார்க்கர வச்சு ஒரு கோடு போடுங்க. பாலிஷ் பண்ணும்போது அந்த கோடு சுத்தி சுத்தி வர்றது கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா பேடு சுத்தலை, சும்மா நடுங்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அதுல எத்தனை மணி நேரம் நின்னாலும் கோடு போகாது. டிஏ மிஷின்ல ரெண்டு அசைவு இருக்கு, தட்டு சின்ன வட்டமா ஆடும், ஆடிக்கிட்டே சுத்தவும் செய்யும், ஆனா அந்த சுத்துக்கு பின்னாடி கியர் எதுவும் கிடையாது, ஆடுற வேகத்துல தானா வர்ற சுத்துதான், அதனால நீங்க மேல ஏறி உக்காந்த மாதிரி அமுக்கினாலும் நின்னுரும், மிஷினைச் சாய்ச்சுப் புடிச்சாலும் நின்னுரும், ஃபெண்டர் வளைவுல வச்சாலும் நின்னுரும். பேடு தட்டையா உக்காரணும், மிஷின் வெயிட்டுக்கு மேல கொஞ்சம் கை கனம் இருந்தா போதும். 15 மில்லிமீட்டர், 21 மில்லிமீட்டர்னு போட்டிருக்கே, அது அந்த ஆட்டத்தோட அளவு. 21 பெரிய பானட்டுக்கும் கூரைக்கும் சீக்கிரம் வேலை முடிக்கும், வளைவுல சட்டுனு நின்னுரும். கியர் வச்சு கட்டாயமா சுத்துற டைப்பும் கிடைக்குது, அது நிக்காது, ஆனா சூடு ஜாஸ்தி, பழகாத கைக்கு அத நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது உங்க கை வேகம். நம்மாளுங்க எல்லாரும் வாசல்ல சாணி தெளிக்கிற வேகத்துல வீசுறாங்க. ஒரு செகண்டுக்கு ஒரு இஞ்ச், அவ்வளவுதான் நகரணும், பாக்குறவனுக்கு போரடிக்கணும். ஒரு தடவைக்கு 2 அடிக்கு 2 அடி எடம், பங்குனி சித்திரை வெயில்னா அதுக்கும் கம்மி, குறுக்க ஒரு தடவை நெடுக்க ஒரு தடவைன்னு, ஒவ்வொரு இழுப்பும் முந்தின இழுப்பு மேல பாதி ஏறுற மாதிரி, 4ல இருந்து 6 தடவை. காம்பவுண்டு, அதாவது பெயிண்ட லேசா வெட்டி எடுக்குற பேஸ்ட், பட்டாணி சைஸ்ல நாலு சொட்டு. புது பேடுன்னா மொதல்ல அது முகம் பூரா லேசா காம்பவுண்டு தடவி ஊறவச்சிக்கிடுங்க, அப்புறம் மிஷின் ஸ்பீட 1ல வச்சு பரத்திட்டு, 4லயோ 5லயோ ஓட்டுங்க, கடைசி ரெண்டு இழுப்புக்கு அழுத்தத்தக் குறைங்க.

இதெல்லாம் சரியா பண்ணியும் வரலைன்னு என்கிட்ட வர்றவங்க பேட திருப்பிப் பாத்தா போதும், காரணம் அங்கனயே இருக்கும். பெயிண்ட்ல இருந்து வெட்டி எடுத்த தூளும் செத்துப்போன காம்பவுண்டும் பேடுக்குள்ளயே தங்கி வெள்ளையா அப்பிப் போய் கிடக்கும், அதுக்கு மேல இன்னும் காம்பவுண்ட ஊத்தி ஊத்தி தேய்ச்சா வெட்டவும் செய்யாது, புதுசா கோடும் போடும். ஒவ்வொரு 2 அடி முடிஞ்சதும் மிஷினை மெதுவா ஓடவிட்டு நைலான் பிரஷ்ஷ பேடு மேல வச்சு சுத்தம் பண்ணுங்க, கம்ப்ரஸர் இருந்தா காத்தடிங்க. ஒரே பேட வச்சு முழு காரையும் முடிக்கணும்னு நினைக்காதீங்க, ஃபோம் நனைஞ்சு சூடாகி தொளதொளன்னு ஆனப்புறம் அதுல உயிர் கிடையாது, ஒரு காருக்கு நாலஞ்சு பேடாவது கையில வேணும். நான் பாத்த வரைக்கும் விலை ஜாஸ்தி மிஷினும் அழுக்கு பேடும் வச்சிருக்குறவன விட, சாதா மிஷினும் சுத்தமான பேடும் வச்சிருக்குறவன் வேலைதான் நல்லா வருது. மிஷினுக்கு வச்ச பட்ஜெட்ல கொஞ்சத்த பேடுக்கு ஒதுக்குங்க.

கேள்வி (களியக்காவிளை வாசகர்): எந்த காம்பவுண்டு, எந்த பேடு? கடைக்காரர் ஹெவி கட் காம்பவுண்டும் கம்பளி பேடும் கையில குடுத்துட்டாரு.

பதில்: அத அலமாரில வைங்க, தேவைப்பட்டா எடுத்துக்கலாம். மொதல்ல இருக்குறதுலயே மென்மையான ஜோடி, ஃபினிஷிங் பாலிஷ், சாஃப்ட் ஃபோம். பானட்ல ஒரு மூலைல டேப் ஒட்டி அந்த 2 அடில மட்டும் போட்டுப் பாருங்க. கோடு போயிருச்சா, வேலை முடிஞ்சது, அதே ஜோடில மொத்த காரையும் பண்ணலாம். போகலைன்னா பாலிஷ மாத்தாம பேட மட்டும் ஒரு படி ஏத்துங்க, அதுக்கும் மசியலைன்னாதான் காம்பவுண்டுக்கு வரணும். ஒரு கார்ல ஒரு ஜோடி வேலை செஞ்சா அடுத்த கார்லயும் செய்யும்னு கிடையாது, கலருக்கு மேல கண்ணாடி மாதிரி அடிச்சிருக்குற கிளியர் கோட்டு கம்பெனிக்கு கம்பெனி ஒவ்வொரு தன்மை, ஜப்பான் கார்ல பெரும்பாலும் சாஃப்ட், ஜெர்மன் கார்ல கல்லு மாதிரி இருக்கும், நடுவுல ஒரு கதவ எவனாவது ரீபெயிண்ட் பண்ணியிருந்தா அது மட்டும் தனிக் கதை.

பேடு கலர நம்பி வாங்காதீங்க, ஒரு கம்பெனிக்கு ஆரஞ்சு கட்டிங்னா இன்னொரு கம்பெனிக்கு வேற எதுவோ. மைக்ரோஃபைபர் பேடு நல்லா வெட்டும், ஆனா கருப்பு கார்ல லேசா ஒரு மங்கல விட்டுட்டுப் போகும், கம்பளியும் அப்படித்தான். அந்த மங்கலப் பாத்து பயந்து திரும்பவும் காம்பவுண்டையே போடுறாங்க, அது ரெண்டாவது ஸ்டெப்புல போற விஷயம், சாஃப்ட் ஃபோம்ல ஃபினிஷிங் பாலிஷ் போட்டா தெளிஞ்சிரும். மெகுயார்ஸ் கம்பெனில எம்105 வெட்டுறதுக்கு, எம்205 தெளிய வைக்கிறதுக்குன்னு ஜோடியா போட்டிருக்கானே, இதுக்குத்தான்.

கேள்வி (போடி வாசகர்): வீட்ல ஆங்கிள் கிரைண்டர் இருக்கு, அதுல பாலிஷ் பேடு மாட்டி ஓட்டலாமா?

பதில்: கூடாது. சாதாரண கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தும், பாலிஷ் போடுற ரோட்டரிய, அதாவது ஆடாம சுத்த மட்டும் செய்யுற மிஷின, தேர்ந்த கையே 3,000க்கு உள்ளதான் ஓட்டும். பெயிண்ட் கருகி இரும்பு தெரியுறதுக்கு நீங்க யோசிக்கிற நேரம் கூட ஆகாது.

கேள்வி (தென்காசி வாசகர்): எங்க வீடு கொல்லம் ரோட்டு மேலயே இருக்கு. கேரளாவுக்கு ஜல்லி, எம் சாண்ட் ஏத்திட்டுப் போற டாரஸ் லாரி பூரா வாசல் வழியாத்தான் போகுது. பாலிஷ் போட்டு ஒரு வாரத்துல திரும்ப சுழல் கோடு வந்துருது, பாலிஷ் சரியில்லையா?

பதில்: பாலிஷ் சரியாத்தான் இருந்திருக்கும் சார், காலைல எந்திரிச்சு காய்ஞ்ச துணிய எடுத்து கார துடைக்கிறீங்க பாத்தீங்களா, அங்கதான் போகுது. கல்லு உடைக்கிற தூள் பெயிண்ட விட கடினம், அது மேல துணிய வச்சு வட்டமா தேய்க்கிறது வாட்டர் பேப்பர் போடுறதுக்கு சமம், அதுவும் டஸ்டர்னு ஒரு குச்சிய டிக்கிலயே வச்சுக்கிட்டு சிக்னல்ல எல்லாம் இறங்கித் தட்டுறவங்கள பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும். தண்ணிய ஃபோர்ஸா அடிச்சு மண்ண இறக்குங்க, அப்புறம் ஷாம்பு. ஒரு பக்கெட்ல ஷாம்பு, இன்னொண்ணுல க்ளவுஸ் அலச வெறும் தண்ணி. துடைக்க மைக்ரோஃபைபர் டவல் மட்டும், ஒர்க்‌ஷாப்ல தர்ற காட்டன் வேஸ்ட் கார் பக்கமே வரப்படாது. போர் தண்ணி உப்பா இருந்தா வெயில்ல கழுவாதீங்க, காயுற சொட்டு ஒவ்வொண்ணும் வட்டக் கறையா உக்காந்துக்கிடும்.

பாலிஷுக்கு முன்னாடியும் இதே கதைதான். கழுவினப்புறம் கைய ஒரு பாலித்தீன் கவருக்குள்ள விட்டு பானட்ட தடவிப் பாருங்க, சொரசொரன்னு தட்டுப்பட்டா அழுக்கு பெயிண்ட்ல ஒட்டிப் போயிருக்கு. ரயில்வே ஸ்டேஷன்ல வண்டிய போட்டுட்டு வேலைக்குப் போறவங்க கார்ல இரும்புத்தூள் குத்தி நிக்கும், அதுக்கு அயர்ன் ரிமூவர் ஸ்பிரே, மத்ததுக்கு அழுக்க உருவி எடுக்குற களிமண் மாதிரி கட்டி, க்ளே பார், போட்டு வழவழன்னு ஆனப்புறம்தான் மிஷின எடுக்கணும். இல்லாட்டி அந்தத் தூளு பூராவும் பேடுக்குள்ள போய் மாட்டிக்கிட்டு சுத்தும்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகி): ரப்பர் தோட்டத்துக்குள்ள வீடு. கார் மேல ரப்பர் பாலு, பலா பாலு, பறவை எச்சம் எல்லாம் விழுது. எச்சம் விழுந்த எடத்துல தழும்பு மாதிரி ஆயிருச்சு. பாலிஷ்ல போகுமா, எவ்வளவு வரைக்கும் தேய்க்கலாம்?

பதில்: அக்கா, பால முதல்ல விரலால உருட்டி எடுக்க முடிஞ்ச வரைக்கும் எடுங்க, மிச்சத்துக்கு தார் ரிமூவர துணில நனைச்சு கொஞ்ச நேரம் அது மேல போட்டு வச்சு எடுங்க, சுரண்டாதீங்க. எச்சம் விழுந்த தழும்பு வேற, அது கிளியர் கோட்டையே அரிச்சிருக்கு. மேலாக இருந்தா போகும், ஆழமா இருந்தா லேசா மங்க வச்சுட்டு விட்டுருங்க.

ஏன் விடச் சொல்லுதேன்னா, கணக்கு இதுதான். கம்பெனி பெயிண்ட், அடியில உள்ள பிரைமர்ல இருந்து மேல வரைக்கும் மொத்தமா சேத்தாலே பெரும்பாலும் 100ல இருந்து 150 மைக்ரான், அதுல மேல இருக்குற கிளியர் கோட்டு சுமார் 40, 50 மைக்ரான்தான். நம்ம தலைமுடி ஒண்ணு ஏறக்குறைய 70 மைக்ரான், அப்ப நீங்க தேய்க்கிற அந்த கண்ணாடித் தோலு ஒரு முடி கனம் கூட கிடையாது. வெயிலத் தாங்குறதும் அந்தத் தோலுதான். ஒவ்வொரு தடவை காம்பவுண்டு போடும்போதும் அதுல கொஞ்சம் போகுது, திரும்ப வளராது. நகத்த குறுக்க இழுத்துப் பாருங்க, கீறல்ல நகம் தட்டி நின்னா அது பாலிஷுக்கு போற ஆழம் இல்ல. பாடி லைன், கதவு ஓரம், பானட் விளிம்பு, இங்கெல்லாம் பெயிண்ட் இன்னும் மெலிசு, மாஸ்கிங் டேப் ஒட்டி மறைச்சிட்டு வேலை பாருங்க. பிளாஸ்டிக் பம்பர்ல சூடு வெளிய போகாது, கைய வச்சு வச்சு பாத்துக்கிடுங்க. பழைய கார் வாங்கியிருந்தா பெயிண்ட் கனம் பாக்குற மீட்டர் வச்சிருக்குற ஆள்கிட்ட ஒரு தடவை காமிங்க. ஒரு கதவு மட்டும் பல நூறு மைக்ரான் காட்டுச்சுன்னா அங்க பட்டி பாத்திருக்காங்க, வித்தவரு மறைச்ச ஆக்ஸிடெண்டும் சேந்து வெளிய வந்துரும்.

கேள்வி (குற்றாலம் வாசகர்): சீசனுக்கு வந்தப்போ பார்க்கிங்ல குரங்கு ஏறி பானட்ல சறுக்கு விளையாடிருச்சு. கீறல் போகுமா?

பதில்: நகம் தட்டலைன்னா போகும். தட்டுச்சுன்னா டச்சப் பெயிண்ட்தான். அடுத்த தடவை தேங்காய் பழத்த கார்ல தெரியுற மாதிரி வைக்காதீங்க.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்): ஒரு கடைல ரப்பிங் பாலிஷ் போட்டேன். வெளிய எடுக்கும்போது ஜொலிச்சுது, ரெண்டு வாஷ்ல பழைய கோடு எல்லாம் திரும்ப வந்துருச்சு. எப்படி?

பதில்: திரும்ப வரலை, அங்கயேதான் இருந்துச்சு. பாலிஷ்ல எண்ணெய் இருக்கும், சிலதுல கோட்ட அடைச்சு மறைக்கிற ஃபில்லரும் இருக்கும், அது மேல ஒரு வேக்ஸும் இழுத்துவிட்டா டியூப் லைட் வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. கடைய விட்டு எடுக்குறதுக்கு முன்னாடி ஐசோபுரொபைல் ஆல்கஹால தண்ணி கலந்து, இல்ல பேனல் வைப்னு விக்கிறத வாங்கி, சுத்தமான மைக்ரோஃபைபர்ல ஒரு பேனல துடைக்கச் சொல்லுங்க, அப்புறம் வெயிலுக்கு இழுத்து நிறுத்தி சூரியன் பிரதிபலிக்கிற எடத்த பாருங்க, ராத்திரின்னா நல்ல எல்இடி டார்ச். கோடு வட்டமா தெரிஞ்சா பழசு போகலை, விசிறி மாதிரி நிழல் நிழலா நகந்துச்சுன்னா அது ரோட்டரி விட்டுட்டுப் போன ஹாலோகிராம். நீங்க டிஏல வீட்ல பண்ணும்போதும் டெஸ்ட் ஸ்பாட்ட இப்படி துடைச்சுப் பாத்துட்டு மிச்ச காருக்குப் போங்க, இல்லைன்னா மொத்த காரையும் முடிச்சிட்டு எண்ணெயப் பாத்து சந்தோஷப்பட்டுட்டு இருப்பீங்க.

கேள்வி (பாறசாலை வாசகர்): அப்பாவோட பழைய அம்பாசிடர், வெள்ளை. டிஏ போட்டதும் பேடு பூரா வெள்ளையாயிருச்சு. பெயிண்ட் போகுதா?

பதில்: அந்தக் காலத்து சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்ட், மேல கிளியர் கோட்டே கிடையாது, அதனால கலர் பேடுல வரத்தான் செய்யும், மேல வெளுத்துப்போன படலம் போயி உள்ள பால் வெள்ளை வரும், பாக்க அம்சமா இருக்கும். மென்மையா போங்க. ஆனா இதே மாதிரி இப்பத்த மெட்டாலிக் கார்ல பேடுல கலர் வந்துச்சுன்னா அந்த நிமிஷமே மிஷின நிறுத்துங்க, கிளியர் கோட்டு தீந்துபோச்சு, இனி பெயிண்டர்தான்.

கேள்வி (கம்பம் வாசகர்): வருஷா வருஷம் ஓணத்துக்கு குமுளி தாண்டி மாமனார் வீட்டுக்குப் போவோம், போறதுக்கு முன்னாடி ஒரு காம்பவுண்டு போட்டா என்ன?

பதில்: மாமனாருக்கு வேக்ஸே போதும் சார். ஒரு தடவை ஒழுங்கா கோட்ட எடுத்துட்டு வேக்ஸோ சீலண்டோ செராமிக் கோட்டிங்கோ போட்டுட்டா, அப்புறம் வாஷ்ல கவனமா இருந்தா வருஷக்கணக்குல காம்பவுண்டு பக்கம் போகவேண்டாம். பாலிஷ் பண்ணியே ஆகணும்னா நிழல்ல, பானட் கையில தொட்டா குளிர்ச்சியா இருக்கும்போது பண்ணுங்க. வெயில்ல காம்பவுண்டு காஞ்சு பொடியாப் பறக்கும், சாரல் நேரத்துல துடைக்கவே வராம இழுவும், அப்ப சொட்டக் குறைச்சிக்கிடணும்.

கேள்வி (ஆரியங்காவு வாசகி): பேட எப்படி கழுவுறது? துணி மாதிரி முறுக்கிப் பிழிஞ்சேன், ரெண்டே வாஷ்ல வெல்க்ரோ உரிஞ்சு வந்துருச்சு.

பதில்: முறுக்கக் கூடாதும்மா. வெதுவெதுப்பான தண்ணில கொஞ்சம் லிக்விட் சோப்பு விட்டு ஊறவச்சு, உள்ளங்கையால அமுக்கி அமுக்கி அழுக்கு இறங்குற வரைக்கும் எடுங்க. அப்புறம் மிஷின்ல மாட்டி காலி பக்கெட்டுக்குள்ள மெதுவா ஓடவிட்டா தண்ணி தெறிச்சுப் போயிரும், நிழல்ல நிமித்தி வச்சு காயவைங்க. பேடு சூடா இருக்கும்போது தட்டுல இருந்து பிச்சு எடுக்காதீங்க, வெல்க்ரோ பசை இளகியிருக்கும், ஆறட்டும். காம்பவுண்டுக்குப் போட்ட பேட ஃபினிஷிங்குக்கு போடப்படாது, எவ்வளவு கழுவினாலும் ரெண்டு துகள் உள்ள ஒளிஞ்சிருக்கும், பின்பக்கம் மார்க்கர்ல எழுதி தனித்தனி டப்பால போட்டு வைங்க.