10 வாரக் கர்ப்பத்தில் டாக்ஸோ ஐஜிஎம் பாசிட்டிவ். கருவைக் கலைக்க வேண்டுமா?

மனைவிக்கு டாக்ஸோ (டாக்ஸோபிளாஸ்மா, பூனை மலத்திலும் வேகாத இறைச்சியிலும் இருக்கக்கூடிய ஒட்டுண்ணிக் கிருமி) டெஸ்டில் ஐஜிஜி, ஐஜிஎம் (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள்; ஐஜிஎம் முதலில் வருவது, ஐஜிஜி பின்னால் வந்து நிலைப்பது) இரண்டும் பாசிட்டிவ், வீட்டில் பூனையும் உண்டு, நாகர்கோவிலில் சொந்தக்காரர்கள் கலைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு தாளை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு லேபில் வேலை எனக்கு. டார்ச் ரிப்போர்ட்டை (டாக்ஸோ உட்பட, கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளுக்கான இரத்தப் பரிசோதனை) வாங்கிக்கொண்டு அங்கேயே அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்ஸோவில் ஐஜிஎம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட இரத்தத்தில் கிடக்கும். பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். தொற்று எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. கர்ப்பத்துக்கு வெகுநாள் முன்பே வந்துபோனது என்றால், எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது மிக அபூர்வம்.

அதற்கு 'ஐஜிஜி அவிடிட்டி' டெஸ்ட் (ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பது, தொற்று பழசாக ஆக அது இறுகும்) எழுதித் தரச் சொல்லுங்கள் டாக்டரிடம். இப்போது 'ஹை' என்று வந்தால் தொற்று கர்ப்பத்துக்கு முந்தியது. என் மைனிக்கு அப்படித்தான் வந்தது, அத்தோடு பேச்சு முடிந்தது. 'லோ' என்றாலும் புதுத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது, சிலருக்கு அது மாதக்கணக்கில் ஏறாமலே நிற்கும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஏழாம் மாதத்தில் வரும் 'ஹை' முதல் மாதங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பூனையைச் சாக்கில் கட்டி விடவேண்டாம். அதன் மலத்தை வேறு யாராவது தினமும் அள்ளினால் போதும், கிருமி தொற்றும் நிலைக்கு வரவே ஒரு நாளாவது ஆகும். அரைவேக்காட்டு இறைச்சியும் மண்ணோடு வரும் கீரையும்தான் எனக்குப் பெரிய கவலை. நம்மூரில் மாட்டிறைச்சியைக் கறுக்க வறுத்துத்தான் தின்கிறோம், அது ஒரு நிம்மதி.

புதுத் தொற்று என்றே உறுதியானால், பிள்ளைக்குப் போகாமல் தடுக்க ஸ்பைராமைசின் என்ற மருந்தைத் தொடங்குவார்கள். 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்து, அதில் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பிசிஆர் டெஸ்ட் பார்ப்பார்கள். கருவிலுள்ள பிள்ளைக்கான மருத்துவம் பார்க்கும் டாக்டர்கள் திருவனந்தபுரத்தில் உண்டு, தூரமில்லை. பிசிஆர் பாசிட்டிவ் என்றால் பைரிமெத்தமின், சல்ஃபாடயசின் என்ற மருந்துகள், கூடவே ஃபோலினிக் ஆசிட். சுகாதார நிலையத்தில் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை இதற்குப் பதிலாகாது, கடையில் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

ஆரம்பத்தில் தொற்று பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, போனால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் நேர் எதிர்.

தொற்றோடு பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பார்க்க நன்றாகவே இருப்பார்கள். அதனால் விழித்திரை, தலை ஸ்கேன், காது மூன்றையும் பார்த்தே ஆகவேண்டும். பிள்ளைக்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்றதும் பதறாதீர்கள், அது தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம், ஒரு வயதுக்குள் மறைந்துவிடும். பிள்ளையின் சொந்த ஐஜிஎம், ஐஜிஏ (இன்னொரு எதிர்ப்புப் பொருள்) தான் கணக்கு. தொற்று உறுதியானால் வழக்கமாக ஒரு வருடம் மருந்து, இடையிடையே இரத்த அணு எண்ணிக்கை. மருந்து முடிந்த பிறகும் கண் டாக்டரை விட்டுவிடாதீர்கள், பள்ளிக்கூடம் போகும் வயதிலும் விழித்திரையில் புதுப் புண் வரலாம்.