கல்யாணத்துக்குப் போகலாமா, டாக்டர்?

முகத்தில் தோல் புற்று வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். காயத்தைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம்தான். "நாலு பேர் பார்ப்பாங்களே" என்று கேட்டவர்கள் அதிகம். பிளாஸ்டிக் சர்ஜனாக எனக்கு இது பழகிய கேள்வி. ஆபரேஷன் நாளில் யாரும் கேட்பதில்லை. தையல் பிரித்த பிறகு, கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து கேட்பார்கள்.

மூக்கில் பேசல் செல் புற்று (தோல் புற்றில் ஒரு வகை) என்று எடுத்துவிட்டு, நெற்றித் தோலை இறக்கி மூக்கில் தைத்திருக்கிறார்கள். நடுவில் தும்பிக்கை மாதிரி ஒரு சதை தொங்குகிறது. இன்னும் 12 நாளில் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் நான். போகாமலும் முடியாது, போகவும் கூச்சமாக இருக்கிறது.

தாராளமாகப் போங்கள். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் 'தும்பிக்கை'யை வெட்டிவிடச் சொல்லி உங்கள் டாக்டரை நெருக்காதீர்கள். மூக்கில் வைத்த தோலுக்கு இப்போது ரத்தம் போகிற ஒரே வழி அதுதான். புதிய இடத்தில் தோல் வேர் பிடிக்கப் பொதுவாக 3 வாரம் ஆகும். பிறகுதான் வெட்டுவோம்.

தாய்மாமன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைப்பாகை கட்டிக்கொள்ளாதீர்கள். நெற்றியை இறுக்கும் எதுவும் அந்த ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். மூக்குக்கண்ணாடி அதன் மேல் அழுத்தக் கூடாது. புகையும் புகையிலையும் கூடவே கூடாது, நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். மாலையைக் கழுத்தில் போடாமல் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹோமப் புகைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். ஆசையாகத் தாவும் கைக்குழந்தையை அன்றைக்கு மட்டும் வேறு யாராவது தூக்கட்டும். அந்தத் தோல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், அல்லது ரத்தம் 15 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை என்றால், தாலி கட்டும் நேரமாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

கூச்சத்துக்கு ஒரு யோசனை. இப்போது இருக்கிற முகத்தோடு ஒரு போட்டோ எடுத்து, "மூக்கில் சின்ன ஆபரேஷன், சில வாரத்தில் இது போய்விடும்" என்று ஒரு வரி சேர்த்து, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். மண்டபத்தில் முதல் தடவை பார்த்து அதிர்ச்சியாகிற ஆட்கள் பாதியாகக் குறைவார்கள்.

அப்படியும் யாராவது விடாமல் கேட்டால் கதை சொல்லுங்கள். இது சும்மா வந்த முறை இல்லை. மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, திப்பு சுல்தான் தரப்பில் மூக்கு அறுக்கப்பட்டார். நம் நாட்டு வைத்தியர் ஒருவர் அவருக்கு நெற்றித் தோலால் மூக்கு செய்து கொடுத்தார். அந்தச் செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. அதைப் படித்துப் பயிற்சி செய்து, 1814-ல் ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் இங்கிலாந்தில் செய்து காட்டினார். உலகமே அதை 'இந்திய முறை' என்றது. பேச்சு உங்கள் மூக்கை விட்டுத் திப்புவிடம் போய்விடும்.

கன்னத்தில் பெரிய தழும்பு. பஸ்ஸில் முறைத்துப் பார்க்கிறார்கள். சிலர் நேராகவே, "என்னம்மா ஆச்சு?" என்கிறார்கள். அழுகை வருகிறது.

பிரிட்டனில் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் என்று ஒருவர் இருந்தார். 18 வயதில் வண்டி தீப்பிடித்து முகம் வெந்துபோனவர். முகம் மாறியவர்களுக்காக 1992-ல் 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்பைத் தொடங்கினார். அங்கே சொல்லித்தரும் அடிப்படை ஒன்றுதான்: யாராவது பார்த்தால் என்ன செய்வது, கேட்டால் என்ன சொல்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வெளியே கிளம்ப வேண்டும். அந்த நிமிடத்தில் யோசித்தால் வாய் வராது.

நம் ஊரில் பார்ப்பதோடு விடமாட்டார்கள், கேட்டேவிடுவார்கள். எனக்கென்னவோ அது ஒருவகையில் சுலபம் என்றுதான் தோன்றுகிறது. கேள்விக்குப் பதில் சொல்லலாம், வெறித்த பார்வைக்கு என்ன சொல்ல? என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கிற வாக்கியம் இது: "தோல்ல ஒரு கட்டி, எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்கேன். நீங்க எங்க இறங்கணும்?" கடைசித் துண்டுதான் முக்கியம். அது இல்லையென்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்து அவருடைய ஒன்றுவிட்ட அத்தையின் புற்றுநோய் வரும். கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்வது போதாது.

புற்று என்ற சொல்லைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் காட்டக் கடமை இல்லை. "தொத்துமா?" என்று கேட்டால் மட்டும், "தொத்தாது" என்று அழுத்தமாகச் சொல்லுங்கள். பேசாமல் வெறித்துப் பார்ப்பவரை ஒரு தடவை கண்ணுக்குக் கண் பார்த்துத் தலையசையுங்கள். பெரும்பாலும் பார்வை இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். எல்லோரையும் திருத்த நமக்கு நேரமில்லை.

முதல் நாளே தி.நகர் போக வேண்டாம். முதலில் உங்களைத் தெரிந்த பால் கடை, பிறகு காய்கறிச் சந்தை, அப்புறம் பஸ்.

நாலு வயசுப் பேத்தி என் பக்கத்தில் வர மாட்டேன் என்கிறாள்.

இழுத்து மடியில் வைக்காதீர்கள். "தாத்தாவுக்கு இங்க புண்ணு இருந்துச்சு, டாக்டர் எடுத்துத் தைச்சுட்டாரு, வலிக்கல" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவள் பொம்மைக்கு ஒரு பிளாஸ்திரி கொடுங்கள். ஒரு வாரத்தில் தொட்டுப் பார்க்கலாமா என்று அவளே கேட்பாள்.

ஆபரேஷன் முடிந்து 2 மாதம். முதல் வாரத்தைவிட இப்போது தழும்பு தடித்துச் சிவந்திருக்கிறது. ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லையோ?

இதுதான் இயல்பு. தழும்பு முதல் சில மாதங்களில் மோசமாகத்தான் தெரியும். முழுசாக அடங்க ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம் ஆகும். தோலை நகர்த்தித் தைத்த இடம் பல மாதம் மரத்துப்போயிருக்கும், உப்பியும் இருக்கும். நம் தோலில் கறுப்பும் சேர்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். புண் ஆறும்வரை காயவிடாமல் சாதாரண வாஸ்லின். நன்றாக மூடிய பிறகு சிலிகான் ஜெல், குறைந்தது 2, 3 மாதம். டாக்டர் சரி என்றதும் விரலால் மெல்ல அழுத்தித் தேய்த்துவிடலாம். வெயிலில் போனால் குடையும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும். வெளியிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். தழும்பு தன் எல்லையைத் தாண்டி வளர்ந்து அரித்தால் அது கெலாய்டாக இருக்கலாம். அதற்கு ஊசி உண்டு, சீக்கிரம் வாருங்கள்.

ஒரு வருஷமாக மாஸ்க் இல்லாமல் வெளியே போனதில்லை. தப்பா?

தப்பில்லை. ஆனால் மாஸ்க் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். போட்டுக்கொண்டு போகிற ஒவ்வொரு நாளும், கழற்றுகிற நாளைப் பற்றிய பயம் கூடிக்கொண்டே போகும். வாரத்துக்கு ஓர் இடத்தில் மட்டும் கழற்றிப் பாருங்கள், நீங்கள் நம்பும் ஒருவர் கூட இருக்கட்டும். தூக்கம் கெட்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் 2 வாரத்துக்கு மேல் போனால் அது தழும்புப் பிரச்சினை இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கறுப்பாக இருப்பவர்களுக்குத் தோல் புற்று வராது என்றார்களே?

குறைவாக வரும், வராமல் இருக்காது. நமக்கு வருகிற பேசல் செல் புற்று பல நேரம் கறுப்பாகவே இருப்பதால், "மச்சம்தானே" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இந்த வகை வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் ஒருமுறை வந்தவருக்கு முகத்தில் வேறோர் இடத்தில் புதிதாக வர வாய்ப்பு அதிகம். 6 மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை காட்டுங்கள். ஒரு மாதமாக ஆறாத புண் என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

நெற்றித் தழும்பின் மேல் பொட்டு வைக்கலாமா?

காயம் முழுசாக மூடிய பிறகு குங்குமம் வைக்கலாம், தழும்பைத் தவிர்த்துக் கொஞ்சம் தள்ளி. ஸ்டிக்கர் பொட்டு வேண்டாம். அந்தப் பசையால் நல்ல தோலிலேயே சிலருக்கு வெள்ளைத் தழும்பு விழுவதைப் பார்க்கிறோம்.

ஆபீஸில் முகம் காட்டித்தான் வருகைப் பதிவு. மெஷினுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை!

வீக்கம் வடியும்வரை அது அப்படித்தான். இப்போதைக்குக் கைரேகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், பிறகு முகத்தைப் புதிதாகப் பதியலாம். போன் பூட்டுக்கும் அதேதான். ஆதார் போட்டோவை மட்டும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். இன்னொரு கட்ட ஆபரேஷன் பாக்கி இருந்தால் அது முடிந்த பிறகு ஆதார் மையத்துக்குப் போங்கள். அதுவரை டிஸ்சார்ஜ் சம்மரி நகல் ஒன்று பையில் இருக்கட்டும், விமான நிலையத்தில் உதவும்.