பெரியவர்கள் தடாகத்தில் பருத்திச் சல்வார்

தங்கச்சி, கொழும்பு வெள்ளவத்தையில இருந்து முதல்தரம் கப்பல் பயணம் போய், பெரியவர்களுக்கான நீச்சல் தடாகத்தில சல்வாரோட இறங்க, ஒரு வெள்ளைக்கார மனிசி முறைச்சுப் பார்த்ததையும் ஊழியர் வெளியே வரச் சொன்னதையும் எழுதியிருக்கிறீங்கள். எல்லாருக்கும் முன்னால ஈரம் சொட்டச் சொட்ட ஏறிவாறது லேசில்லை.

ஆனால் இரண்டையும் ஒண்டாக்காதீங்கோ. முறைச்சது அவவின்ர பண்பு. ஊழியர் சொன்னது அனேகமாகத் துணிக்காகத்தான். பருத்தி தண்ணியை உறிஞ்சிப் பாரமாகும், நூலும் சாயமும் கழண்டு வடிகட்டியில சிக்கும். கையும் காலும் மூடின நைலோன் நீச்சல் உடுப்பெண்டால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. என்ர அக்கா அதைத்தான் போடுறவ, உலர்த்தவும் சுகம்.

13 வயசு மகனையும் அந்தத் தடாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஓரமாத்தானே இருந்தவன்" எண்டு நீங்கள் எழுதினதில மட்டும் நான் உங்கட பக்கமில்லை. கப்பலைப் பொறுத்து 16 அல்லது 18 வயசுக்குக் கீழ அங்க விடமாட்டினம். சத்தமில்லாமல் கிடக்கத்தானே சனம் அங்க வருது.

விடியவே துவாய் போட்டு 4 கதிரை பிடிச்ச ஆக்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீங்கள். (கொழும்பில ஆடிவேல் திருவிழாவுக்கு, காலி வீதி எண்ட தெருவோரம் நாங்கள் இடம் பிடிக்காததா!) நீங்கள் துவாயைத் தொடாதீங்கோ. தடாக ஊழியரிட்டச் சொல்லுங்கோ, கனநேரம் ஆளில்லாட்டி அவையே எடுப்பினம்.

கப்டனுக்குக் கடிதமெல்லாம் வேண்டாம். கொழும்புத் துறைமுகத்தில இறங்க முன்னம் விருந்தினர் சேவை மேசையில, அந்த ஊழியர் கதைச்ச விதத்தை மட்டும் சொல்லுங்கோ.