தீவுச் சிறுவர்களும் டோங்காச் சிறுவர்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ (1954) நாவலை அண்மையில் படித்தேன். ஆளில்லாத் தீவில் சிக்கிக்கொள்ளும் பள்ளிச் சிறுவர்கள் கொலை வரை போவதை ஏற்க முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில், மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்த எங்கள் தெருவுக்குப் படகு கொண்டுவந்தவர்கள் முன்பின் அறியாத மீனவர்கள். 1965இல் ஆளில்லாத அட்டா தீவில் ஒதுங்கிய, பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த சிறுவர்கள் ஆறு பேர் ஒரு வருடத்துக்கும் மேலாக ஒற்றுமையாக வாழ்ந்திருக்கிறார்கள். கோல்டிங் மனிதரைப் பழித்துவிட்டார் அல்லவா?

வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்லும் இரண்டு நிகழ்வுகளும் உண்மை. அவை நாவலைப் பொய்யாக்குகின்றன என்பதில்தான் நான் உடன்படவில்லை. டோங்காச் சிறுவர்கள் ஒரே பள்ளியில் பழகிய நண்பர்கள். சண்டை மூண்டால் விலகிப்போய் ஆறிவிட்டு வரும் வழக்கத்தைக்கூட ஏற்படுத்திக்கொண்டார்கள். கோல்டிங்கின் சிறுவர்களோ பெரியவர்கள் நடத்தும் போரிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள், பலர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கடற்படையில் போரிட்டுத் திரும்பிப் பள்ளியில் பாடம் நடத்தியவர் எழுதிய கதை இது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

ஒழுங்கு குலைவதை அவர் எவ்வளவு பொறுமையாகக் காட்டுகிறார் என்று பாருங்கள். தொடக்கத்தில் ரோஜர் என்ற சிறுவன் ஒரு சின்னப் பையனை நோக்கிக் கல்லெறிகிறான். ஆனால், வேண்டுமென்றே குறி தவறும்படி எறிகிறான். பெற்றோரும் பள்ளியும் போலீசும் எங்கோ தொலைவில் இருந்தாலும், அவர்கள் விதித்த தடை அவன் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் பாறையை உருட்டி பிக்கி என்ற சிறுவனைக் கொல்பவனும் அதே ரோஜர்தான்.

கள்ளமின்மை பறிபோகும் இடமாகப் பலரும் சுட்டுவது, சிறுவர்கள் தலைவனாகத் தேர்ந்தெடுத்த ரால்ஃப் விம்மி அழும் கடைசிப் பக்கத்தை. எனக்கு அது பத்தாம் அத்தியாயத்தில், சைமன் என்ற சிறுவனை எல்லோரும் சேர்ந்து வெறியில் அடித்துக் கொன்றதற்கு மறுநாள் காலையிலேயே நடந்துவிடுகிறது. அது விபத்து, நாம் ஓரமாகத்தானே நின்றோம் என்று பிக்கி வாதிடுகிறான். இரட்டையர் சாமும் எரிக்கும் களைப்பாக இருந்ததால் சீக்கிரமே கிளம்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் உடம்பில் கீறல்கள் இருக்கின்றன. யாரும் கேள்வி கேட்பதில்லை, எல்லோரும் அந்தப் பொய்க்கு உடன்படுகிறார்கள். வெறியில் செய்ததைவிட, விடிந்தபின் நிதானமாகச் சொல்லும் இந்தப் பொய்தான் அவர்களைப் பெரியவர்களாக்குகிறது என்பது என் வாசிப்பு. (நம் ஊரிலும் கூட்டமாகச் சேர்ந்து அடித்தவர்கள் மறுநாள் ‘நான் தூரத்தில் நின்றேன்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.)

ஆனாலும் அந்தப் பொய்க்கு முன்பே, அதே காலையில், பன்னிரண்டு வயது ரால்ஃப் நடந்தது கொலை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். மனிதரைப் பழிக்க மட்டுமே நினைத்த எழுத்தாளருக்கு அந்த வசனம் தேவைப்பட்டிருக்காது.