டே கேர் போனால் குழந்தை முரடாகிவிடுமா? அந்தச் செய்தி வந்த கதை

"டே கேரில் விட்டால் குழந்தை முரடாகும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பயத்தைப் பெரிதாக்கியதில் 2001 ஏப்ரலில் அமெரிக்காவில் வந்த செய்திகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்நாட்டு அரசு நிதியில் 1991 முதல் 10 இடங்களில் 1,300-க்கும் அதிகமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வுதான் அந்தச் செய்திகளுக்கு அடிப்படை. வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் பிறர் பராமரிப்பில் இருந்தவர்களில் 17 சதவீதம் பேரிடம் முரட்டுக் குணம், 10 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தவர்களில் 6 சதவீதம் என்று மினியாபொலிஸ் நகரில் நடந்த ஆய்வாளர் மாநாட்டில் சொன்னார்கள். அவ்வளவுதான், 'மூன்று மடங்கு' என்று பரபரப்பு.

எண் பொய்யில்லை. ஆனால் அந்த 17 சதவீதம், பொதுவாக எல்லாக் குழந்தைகளிலும் எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். 'முரட்டுக் குணம்' பட்டியலில் சண்டை போடுவதோடு, அதிகம் வாதாடுவது, கவனிக்கச் சொல்லி நச்சரிப்பது எல்லாம் அடக்கம். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் பெரியவர்களே தேறமாட்டார்கள்!

நல்ல தரமான பராமரிப்பு கிடைத்த குழந்தைகளுக்கு மொழித்திறன் கூடியிருந்ததும் அதே ஆய்வில்தான் வந்தது. அது பல செய்திகளில் கடைசிப் பத்திக்குப் போய்விட்டது. ஆய்வுக் குழுவில் ஒருவரான ஜே பெல்ஸ்கி நீண்ட நேரப் பராமரிப்பு பற்றிக் கவலைப்பட, சாரா ஃப்ரீட்மன் போன்ற சக ஆய்வாளர்கள் அவருடைய விளக்கத்தை ஏற்கவில்லை. அப்புறம், கட்டுரை முறையாக ஆய்விதழில் வந்ததே 2003-இல்தான்.